இரண்டு ஒலிபெருக்கி, எத்தனை ஓம்?

கோலா சாவா போன்ற தோட்டப்புறங்களில் மாலை வேளையில் சில மகிழுந்துகள் கடந்து செல்லும்போது, பாடல் காதில் விழும் முன்பே அதன் அதிர்வு நெஞ்சில் விழும். பின்பெட்டியில் பொருத்தப்பட்டுள்ள ‘சப்வூஃபர்’ செய்யும் வேலை அது. தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெரிய ஒலிபெருக்கியையே அவ்வாறு அழைக்கிறோம். இளைஞர் பலர் அதைத் தாங்களே பொருத்திக்கொள்கின்றனர். ஒன்று போதாதென்று இரண்டாவதைச் சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒலியை மிகைப்படுத்தும் ‘ஆம்ப்’ சில நாளில் கருகிவிட்டால், பொருள் மட்டமானது என்று கடைக்காரரைக் குறைகூறுவார்கள். பெரும்பாலும் பிழை பொருளில் இல்லை. கம்பிகளை இணைத்த முறையில்தான் இருக்கிறது.

ஒலிபெருக்கியின் பின்புறத்தில் ‘4 ஓம்’ என்று எழுதியிருக்கும். அதுவே அதன் மின்மறிப்பு. ‘ஆம்ப்’ அனுப்பும் மின்னோட்டத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதை அந்த எண் காட்டுகிறது. 1827ஆம் ஆண்டு தம் மின்விதியை நூலாக வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓமின் பெயரே இந்த அலகுக்குச் சூட்டப்பட்டுள்ளது. ஒலியின் அதிர்வெண் மாறினால் மின்மறிப்பும் மாறும். பன்மானியால் அளந்தால் கம்பிச்சுருளின் மின்தடை மட்டுமே தெரியும். அது 4 ஓமுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஒலிபெருக்கி பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைத் தொடராக, அதாவது ஒன்றின் எதிர்முனையை மற்றதன் நேர்முனையோடு இணைத்தால், மொத்த மின்மறிப்பு 8 ஓம். நேர்முனைகளை ஒன்றாகவும் எதிர்முனைகளை ஒன்றாகவும் சேர்த்து இணையாக இணைத்தால் 2 ஓம்தான். “ஒன்றைச் சேர்த்தால் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும்?” என்று கேட்கத் தோன்றும். நீர்த்தொட்டியில் ஒரு குழாய் திறந்திருக்கிறது. இன்னொன்றையும் திறந்தால் நீர் வெளியேற வழி இரண்டாகிறது, தடை குறைகிறது. மின்னோட்டத்துக்கும் அப்படித்தான்.

‘ஆம்ப்’ 20 வோல்ட்டு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமில் 2.5 ஆம்பியர் பாயும். திறன் 50 வாட். 2 ஓமில் 10 ஆம்பியர் பாயும். திறன் 200 வாட். ஒலி கூடுகிறது, வெப்பமும் கூடுகிறது. 2 ஓம் வரை தாங்கும் ‘ஆம்ப்’ என்றால் கவலையில்லை. 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று குறித்திருந்தால், இணை இணைப்பு அதைக் கருக்கிவிடும். அதன் இரு தடங்களையும் ஒன்றாக்கும் ‘பிரிட்ஜ்’ முறையில் இன்னும் கவனம் வேண்டும். அப்போது 4 ஓம் ஒலிபெருக்கியும் ஒவ்வொரு தடத்துக்கும் 2 ஓமாகவே தெரியும்.

இரட்டைச் சுருள் ஒலிபெருக்கிகளில் வழி அதிகம். ஒவ்வொன்றிலும் இரண்டு 4 ஓம் சுருள்கள் உள்ள இரு ஒலிபெருக்கிகளை எடுத்துக்கொள்வோம். நான்கு சுருள்களையும் இணையாகச் சேர்த்தால் 1 ஓம். பல ‘ஆம்ப்’கள் இதைத் தாங்கா. ஒவ்வொன்றின் சுருள்களையும் தொடராக்கி 8 ஓம் ஆக்கிய பின், இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 4 ஓம் கிடைக்கும். பொருள் அதேதான், கம்பி போகும் வழிதான் வேறு.

200 வாட் ஒலிக்கு 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து குறைந்தது 17 ஆம்பியராவது பாய வேண்டும். வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். மெல்லிய கம்பி இதைத் தாங்காமல் சூடேறி, அதன் உறை உருகலாம். அதனால்தான் மின்கலத்துக்கு அருகிலேயே உருகியைப் பொருத்துகிறார்கள். ‘ஆம்ப்’ பக்கத்தில் பொருத்தினால், இடையில் ஓடும் நீண்ட கம்பிக்குப் பாதுகாப்பே இருக்காது.