பழைய கைக்கடிகாரத்தின் மறுவிலை

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும், மக்கள் விலைகொடுத்து வாங்கும் பொருள்களுட் பெரும்பாலானவை அவ்யானையைப் போன்றவையல்ல. இன்று வாங்கிய வண்டி நாளைக்கே விலை குறைகின்றது. உடுத்த ஆடை கேட்பாரற்றுப் போகின்றது. குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையும் நாட்பட நாட்பட மணமிழந்து விலையிழக்கின்றது. இவற்றுக்கு மாறாக, உயர்தரக் கைக்கடிகாரங்களுட் சில, ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்கு மாறுங்கால், முதலில் விற்ற விலைக்குக் குறையாமலும், சிலபோது அதனிற் பன்மடங்கு மிகுந்தும் விலைபோகின்றன. அவற்றோடு ஒரே காலத்திற் செய்யப்பட்ட வேறு சிலவோ அற்ப விலைக்கும் கொள்வாரின்றிக் கிடக்கின்றன. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நீலகிரியில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி வீண் பொழுதுபோக்கன்று. 1870-ம் ஆண்டு முதல் உதகமண்டலம் சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகராய் விளங்கிற்று. வெல்லிங்டனிற் படைவீடும், குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் தேயிலைத் தோட்டங்களும் அமைந்தமையால், அதிகாரிகளும் படைத்தலைவர்களும் தோட்டத் துரைமாரும் இங்கு வந்து தங்கினர். குறித்த வேளையிற் பணி தொடங்கிக் குறித்த வேளையில் இலை நிறுக்கும் தோட்ட வாழ்க்கைக்குக் கடிகாரம் இன்றியமையாததாயிற்று. அக்காலத்துக் கடிகாரங்கள் பரிசாகவும் விலைக்கும் கைமாறி, மலைநாட்டுக் குடும்பங்களின் பெட்டிகளில் உறங்குதல் இயல்பே. பிள்ளைகளின் கல்விக்கோ, வீட்டிலுள்ளோர் மருத்துவத்துக்கோ பணம் வேண்டி அத்தகைய பொருளை விற்க எண்ணுவோர், அதன் மதிப்பைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் பின்னர்ச் சந்தைக்குக் கொண்டு செல்லுதல் உண்டு. அவ்வாறு நேராதிருத்தற்கேனும் இதன் உண்மையை நாம் அறிதல் வேண்டும்.

முதற்கண், மறுவிலையை நிச்சயிப்பன இவையல்ல என்பதைத் தெளிவோம். பலரும் நினைப்பது போலக் கூட்டிலுள்ள பொன்னின் எடை மட்டும் விலையாகாது. எஃகினாற் செய்த கடிகாரம் பொன்னாற் செய்ததினும் மிகுதியாய் விலைபோதல் உண்டு. நேரத்தைச் சரியாகக் காட்டுந் திறமும் விலையாகாது. 1969-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ந் தேதி ஜப்பானியக் கம்பெனியாகிய செய்கோ, ஆஸ்ட்ரான் என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின், மிகச் சொற்ப விலையுள்ள குவார்ட்ஸ் கடிகாரமும், பல லட்சம் பெறும் சுருள்வில் கடிகாரத்தினும் நேரத்தைப் பிழையின்றிக் காட்டலாயிற்று. ஆயினும் மறுவிலைச் சந்தையில் மதிப்புப் பெறுவது பெரும்பாலும் சுருள்வில் கடிகாரமே. பழுதுபார்த்துத் தலைமுறை தலைமுறையாய் ஓட்டத்தக்கது அது; அதன் உள்ளே உயர்ந்த கைவேலையும் காணப்படுகின்றது.

இனி, விலையை ஆக்குவனவற்றுள் முதலாவது, செய்தவர் பெயரும் மாதிரியுமாம். ரோலெக்ஸ், பாத்தேக் பிலிப், ஓதமார் பிகே முதலிய சுவிட்சர்லாந்து நிலையங்களின் கடிகாரங்களை விரும்பித் தேடுவோர் உலகெங்கும் உளர். ஆனால் ஒரே நிலையத்தின் எல்லா மாதிரிகளும் ஒரே மதிப்புடையன அல்ல. அருமை மட்டும் போதாது. அருமையோடு விருப்பமும் கூடவேண்டும். ரோலெக்ஸ் டேடோனா என்னும் கடிகாரத்தில் ஒருவகை முகப்புடையவை, முன்னாளில் வாங்குவார் அதிகமின்றிக் கடைகளில் தேங்கின. விற்காமையால் அவை குறைவாகவே வெளிவந்தன; குறைவாய் வந்தமையாற் பிற்காலத்தில் அரியவாயின; அமெரிக்க நடிகர் பால் நியூமன் அதனை அணிந்தமையால் விருப்பமும் வந்து கூடிற்று. நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1961-ம் ஆண்டில் ஜப்பானியச் சிட்டிசன் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கினர். அவை பொதுமக்களுக்காக எளிய விலையிற் செய்யப்பட்டவை. 2016-ம் ஆண்டில் அக்கடிகாரக் கம்பெனியை மூட மத்திய அரசாங்கம் முடிவு செய்தது. இனிக் கிட்டாதென்ற நிலை வந்ததும், கேட்பாரற்றிருந்த ஜனதா, பைலட் முதலியவற்றைச் சேகரிப்போர் தேடலாயினர்.

இரண்டாவதும் தலையாயதும், பொருள் தன் பிறவி நிலையில் இருத்தலாம். இதிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். விற்குமுன் பளபளப்பாக்க வேண்டுமென எண்ணி மெருகு போடுகின்றனர். மெருகு போடுந்தோறும் உலோகம் தேய்ந்து, கூட்டின் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன; பொறித்த எண்களும் மறைகின்றன. நிறம் மங்கிய முகப்பை நீக்கிப் புதிதாய்ச் சாயம் பூசுவிக்கின்றனர். மும்பையினின்றும் இவ்வாறு முகப்பு மாற்றிப் பளிச்சிடும் பழங்கடிகாரங்கள் வெளிநாடுகளுக்கு மிகுதியாய்ச் சென்றமையால், நம் நாட்டுப் பழங்கடிகாரம் என்றாலே சேகரிப்போர் ஐயுற நேர்ந்தது. ஒருவர் செய்த மாற்றத்துக்கு நேர்மையாய் விற்போரும் விலையிழக்கும்படி ஆயிற்று.

நமது மலைரயிலை நோக்கினால் இக்கருத்து நன்கு விளங்கும். 1899-ம் ஆண்டில் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூர் வரையும், 1908-ம் ஆண்டில் உதகை வரையும் நீண்ட அவ்வழியின் பற்சக்கர ஏற்பாடு, ரோமன் ஆப்ட் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் கண்டது. பழைய நீராவி எஞ்சின்களும் அந்நாட்டு விண்டர்தூரில் ஆக்கப்பட்டவை. அவற்றின் உறுப்புக்கள் தேய்ந்தால் வேறு செய்து பூட்டுவர். திருச்சிப் பொன்மலைப் பட்டறையில் அவ்வினத்துப் புதிய எஞ்சின்களையே கட்டினர். எஞ்சினுக்கு இது குறைவன்று. அது மலையேறுதலே நாம் வேண்டுவது. கைக்கடிகாரத்தின் நிலை வேறு. அது நேரங் காட்டுதற்காக மட்டும் விலைபோவதில்லை. தான் இன்னதென்று சொல்லும் சொல்லுக்காகவே விலைபோகின்றது. வேற்று முகப்பும் வேற்று முட்களும் ஏறினால் அச்சொல் பொய்யாகிவிடும்.

குன்னூரில் தேயிலை வாங்குவோர் தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து விலை கூறார். மாதிரியை வடித்துச் சுவைத்த பின்னரே கூறுவர். அவ்வாறே கடிகாரம் வாங்கும் அறிஞரும் பின்மூடியைத் திறந்து இயந்திரத்தை நோக்குவர். உள்ளிருக்கும் இயந்திரம் அம்மாதிரிக்கும் அவ்வெண்ணுக்கும் பொருந்துமா என ஆராய்வர். இருளில் ஒளிரும் பூச்சு முகப்பில் மஞ்சளித்திருக்க, முட்களில் மட்டும் வெண்மையாயிருந்தால், முட்கள் பிற்காலத்தன என ஐயுறுவர்.

மூன்றாவது, பாதுகாப்பு நிலை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூர், தேவாலாப் பக்கங்களில் நெடுநாள் ஈரம் நீங்குவதில்லை. பழைய கடிகாரங்களில் நீர்புகாது தடுக்கும் வளையம் இறுகி வெடித்திருக்கும். அவ்வழியே ஈரம் புகுந்து எஃகுறுப்புக்களைத் துருவேற்றி, முகப்பிலும் புள்ளியிடும். உள்ளெண்ணெய் உலர்ந்த இயந்திரத்தை மேன்மேலும் ஓட்டினால் உறுப்புத் தேயும். வாங்குவோர் பழுதுபார்க்குஞ் செலவைத் தம் மனத்திற் கணக்கிட்டே விலை சொல்வராதலின், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்துக் காப்பது செலவற்ற நல்வழி.

நான்காவது, சான்றாகும் வரலாறு. வாங்கிய ரசீது, உத்தரவாதச் சீட்டு, பெட்டி, பழுதுபார்த்த குறிப்பு ஆகியவற்றைக் குப்பையென எறிதல் பணத்தை எறிதலே. சென்னை மவுண்டு ரோட்டில் 19-ம் நூற்றாண்டு முதல் கடிகார வாணிகம் நடத்திய பி. ஓர் அண்டு ஸன்ஸ் பெயர் பொறித்த முகப்பும், அப்பொருள் எவ்வழி நம் நாட்டில் விற்கப்பட்டதென்பதற்குச் சான்றாகும். பால் நியூமன் அணிந்த டேடோனா, 2017-ம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. வண்டியைக் கவனமாய் ஓட்டும்படி அவர் மனைவியார் பின்மூடியிற் பொறிப்பித்த சொற்கள் அதற்குச் சாட்சியாய் நின்றன. 1934-ம் ஆண்டில் ஹரிஜன யாத்திரையின்போது நமது குன்னூரிற் சில நாள் தங்கிய காந்தியடிகளின் வெள்ளி ஸெனித் கடிகாரம், அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம் ஆகியவற்றோடு 2009-ம் ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கில் ஏலமிடப்பட்டது. அவையனைத்தும் சேர்ந்து 18 லட்சம் டாலர் பெற்றன. ஒருசிறு பொருளையும் விரயஞ் செய்யாத பெரியாரின் கைப்பட்டமையே அவ்விலைக்குக் காரணம், வெள்ளியன்று.

இறுதியாக, சந்தையின் ஏற்றத்தாழ்வும் உண்டு. 2022-ம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிய மறுவிலைகள் பின்னர் வெகுவாய் இறங்கின. விலை ஏறிக்கொண்டே போகுமென நம்பிக் கடன்பட்டு வாங்கியோர் நட்டமுற்றனர். வியாபாரி தம் இலாபத்தையும் பழுதுச் செலவையும் கழித்தே பணந் தருவார். ஆதலின் ஏலச்செய்தியிற் கண்ட தொகை நம் கைக்கு முழுதும் வாராது.

இதுகாறுங் கூறியவற்றால், மறுவிலையின் வேர் நம்பிக்கையே என்பது பெறப்படும். பெயரும் அருமையும் வாங்குவோரை அழைக்கும். உண்மையே அவரைப் பணங்கொடுக்கச் செய்யும். ஆகவே, வீட்டிற் பழங்கடிகாரம் உடையோர் அதற்கு மெருகு போடாது, முகப்பை மாற்றாது, சீட்டுக்களை எறியாது, ஒருவரிடம் மட்டுமன்றி அறிந்தோர் இருவர் மூவரிடம் காட்டி விலை கேட்பாராக. கீறலும் மங்கலும் அதன் முதுமைக்கு அடையாளங்கள். அவற்றை மறையாது காட்டுதலே விற்போர்க்கு இலாபமும் வாங்குவோர்க்கு நியாயமுமாம்.