வேர்முடிச்சைத் தாங்கும் தக்காளி நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா?

வாடி நிற்கிற தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கும். கிணத்துக்கடவு, தொண்டாமுத்தூர், உடுமலைப் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இது புதுசில்லை. வேர்முடிச்சு நூற்புழுவோட வேலை. 'நூற்புழுவைத் தாங்கும்' என்று சொல்லி விற்கிற வீரிய ஒட்டு விதைக்கு விலை அதிகம். அந்தக் காசுக்கு இங்கே பலன் உண்டா? அதைத் தெரிந்துகொள்ளப் படித்ததன் குறிப்புகள் இவை.

இந்தியாவில் இந்தப் புழுவைப் பற்றிய முதல் பதிவு நமக்குப் பக்கத்தில்தான். 1901இல் கூடலூரை அடுத்த தேவாலாவில், தேயிலை வேரில் இதைப் பார்த்து எழுதியவர் சி. ஏ. பார்பர். இதே பார்பர்தான் பிறகு கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தை நடத்தினார். கரும்போடு காட்டு நாணலைக் கலந்து அங்கே உருவானது கோ 205. பயிரிடும் செடியில் இல்லாத தெம்பை அதன் காட்டு உறவிடம் வாங்குவதுதான் வழி.

தக்காளியிலும் நடந்தது அதுதான். தென் அமெரிக்காவின் சொலானம் பெருவியானம் என்ற காட்டுத் தக்காளிக்கு இந்த எதிர்ப்பு இருந்தது. ஆனால் நம் தக்காளியோடு கலந்தால் விதை முற்றுவதற்குள் கரு செத்துவிடும். 1944இல் கலிபோர்னியாவில் பி. ஜி. ஸ்மித், அந்தக் கருவை மட்டும் பிரித்தெடுத்துச் சத்து ஊடகத்தில் வளர்த்துப் பிழைக்க வைத்தார். இன்று 'எம்ஐ' மரபணு உள்ள ரகங்கள் அநேகமாக எல்லாமே அந்த ஒற்றைச் செடியின் வாரிசுகள்!

இந்த மரபணு புழுவை உள்ளே வராமல் தடுப்பதில்லை. குட்டிப்புழு வேருக்குள் நுழைந்து, செல்களை வீங்க வைத்து, ஒரே இடத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். எம்ஐ உள்ள செடியில், புழு வாய் வைத்த இடத்துச் செல்கள் ஓரிரு நாளில் தாமாகவே செத்துவிடும். சாப்பாடு இல்லாமல் புழு பட்டினியில் சாகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. மண்ணின் வெப்பம் சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த எதிர்ப்பு சரியாக வேலை செய்யாது. கொங்குக் கோடையில் அந்த அளவைத் தாண்டாத நாளைத்தான் தேடணும். போதாததுக்கு, களைக்காகவும் ஈரத்துக்காகவும் விரிக்கிற கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் மண்ணை இன்னும் சூடாக்கும். வைக்கோல், கரும்புத் தோகை போன்ற மூடாக்கு குளிர்ச்சியாக வைக்கும். என் கணிப்பில், ஒரே விதை மார்கழியில் ஜெயித்துச் சித்திரையில் தோற்க இதுவே போதும். வெயில் தாங்குகிற 'எம்ஐ-9' என்ற மரபணு இன்னொரு காட்டு இனத்தில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் கண்டுபிடிப்பது வேறு, விதைக் கடைக்கு வருவது வேறு.

இன்னும் இரண்டு விஷயம். எம்ஐ ஓங்கு மரபணு. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். அப்படி ஒரே பக்கத்திலிருந்து வந்த வீரிய ஒட்டில் விதை எடுத்து மறுபடி போட்டால், நாலில் ஒரு செடிக்கு எதிர்ப்பு இருக்காது. அடுத்தது, மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற நூற்புழு இனம் எம்ஐ இருந்தாலும் பெருகும். நம்ம கொய்யாத் தோட்டங்களை வாட்டுவதும் அதுதான். கொய்யா இருந்த காட்டில் தக்காளி வைக்கிறவர்கள் முதலில் மண்ணைப் பரிசோதிப்பது நல்லது.

ஆக, தாங்கும் ரகம் வீண் இல்லை. ஆனால் அது மட்டும் போதாது. மண் குளிர்ந்திருக்கிற பட்டம், சுத்தமான நாற்று, இடையில் ஒரு போகம் செண்டுமல்லி, அறுவடை முடிந்ததும் வேரோடு பிடுங்கி அழிப்பது, இவற்றோடு சேர்ந்தால்தான் விதைக்குக் கொடுத்த காசு திரும்பும்.