'ஃபிஷிங்': தூண்டில் யாருடையது, பழி யாருக்கு?

வங்கிகளின் இணைய முகவரிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முகவரி மாறியதைப் பார்த்த வாசகர்கள், இதுவே மோசடியோ என்று பதறி எழுதுகிறார்கள். கூடவே, வங்கிகளின் எச்சரிக்கைகளில் வரும் 'ஃபிஷிங்' மீன்பிடிப்பதைத்தான் குறிக்கிறது என்றால் எஃப் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பி.எச். ஏன் என்றும் கேட்கிறார்கள்.

நம்பிக்கைக்குரிய நிறுவனத்தின் வேடத்தில் வந்து, ரகசிய எண்ணை நம் கையாலேயே கொடுக்க வைப்பதுதான் 'ஃபிஷ்' செய்வது. இதை வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. சொல்லின் வரலாறே அதற்குச் சாட்சி.

1990-களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் இணைய சேவையில் புழங்கத் தொடங்கிய கொச்சைச் சொல் இது. நிறுவன ஊழியர்போல் செய்தி அனுப்பி, சந்தாதாரர்களிடம் கடவுச்சொல்லைக் கறந்தார்கள். பி.எச். எழுத்துகள், தொலைபேசி வலையமைப்பில் புகுந்து விளையாடிய முந்தைய தலைமுறையான 'ஃபோன் ஃப்ரீக்'குகளிடமிருந்து வந்தவை என்பதே பொதுவான கருத்து.

அவர்கள் புகுந்த வழி நுட்பமானது. அன்றைய அமெரிக்க நெடுந்தொலைவு இணைப்புகளில், பேசுபவரின் குரலும் இயந்திரத்துக்கான கட்டளையும் ஒரே தடத்தில் சென்றன. 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் லைன் காலியாகிவிட்டது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். கட்டணமில்லா எண்ணை அழைத்து, நடுவில் அந்த ஒலியை எழுப்பினால் போதும். எதிர்முனை இயந்திரம் அழைப்பு முடிந்ததாக எண்ணி, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். பிறகு விரும்பிய ஊருக்கு இலவசமாகப் பேசலாம். கேப்டன் கிரஞ்ச் என்ற காலை உணவுப் பெட்டியில் கிடைத்த பொம்மை விசிலே அந்த ஒலியைத் தந்தது. ஜான் டிரேப்பர் என்பவருக்கு அதுவே பட்டப்பெயரும் ஆனது.

வழக்குகளும் கைதுகளும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை. 1970-களிலிருந்து கட்டளைகளைத் தனித் தடத்துக்கு மாற்றிய பிறகே அது அடைபட்டது. தொலைபேசி நிறுவனம் தன் அமைப்பைத் திருத்திக்கொண்டது.

இன்று வங்கியின் செய்தியும் திருடனின் செய்தியும் ஒரே எஸ்எம்எஸ் பெட்டியில் வந்து விழுகின்றன. பிரித்தறியும் பாரம் நம் தலையில். ரகசிய எண்ணை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குப் புகார் செய்யும் வரை நேர்ந்த இழப்பு முழுவதும் நம்முடையது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. ஏமாற்றப்பட்டவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் விதி இது.

புதிய முகவரி நல்ல தொடக்கம். 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் மோசடி குறையும் என்ற வாக்குறுதி, வங்கிகள் செய்திகளில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தாதவரை பாதி வாக்குறுதிதான்.

முகவரியை எப்படிச் சரிபார்ப்பது? தளப் பெயரின் கடைசியில் பாருங்கள்; 'பேங்க் டாட் இன்' நடுவில் வந்து வேறொன்றில் முடிந்தால் போலி.

பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாமா? கூடாது, போலித் தளமும் அதைப் பெறலாம்.

'விஷிங்', 'ஸ்மிஷிங்'? முன்னது தொலைபேசிக் குரலில், பின்னது எஸ்எம்எஸ்ஸில் வரும் அதே மோசடி.

பணம் போய்விட்டால்? அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். வங்கியிடமும் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிவையுங்கள்.