சைக்கிள் சீட்டும் பிள்ளைகளின் முட்டி வலியும்



பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள் நம்மில் பல வீடுகளில் நிற்கிறது. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் அது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்றப் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. சில வீடுகளில் மட்டும் அது சுவரோரம் சாய்ந்தே கிடக்கிறது. கேட்டால், "மிதிச்சா முட்டி வலிக்குதாம்" என்கிறார்கள். குண்டனி நாடு போன்ற மேடும் பள்ளமுமான ஊரில் வலிக்கத்தானே செய்யும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். மலையைக் குறை சொல்லும் முன் சீட்டின் உயரத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

சைக்கிள் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று சீட்டை அடிவரை இறக்கிவிடுகிறோம். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்பது நம் கணக்கு. ஓட்டப் பழகும் சின்னப் பிள்ளைக்கு அது சரிதான். பழகிய பிள்ளை அப்படியே மேடு ஏறினால், பெடல் மேலே வரும்போதெல்லாம் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். மடங்கிய காலால் அழுத்தி மிதிக்க, முட்டிச்சில்லு பின்னாலுள்ள எலும்பின்மேல் அழுந்தும். முட்டியின் முன்பக்கம் வலிப்பதற்கு இது முக்கியமான காரணம்.

சரியான உயரத்தை வீட்டிலேயே பார்க்கலாம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ள, பிள்ளை சீட்டில் நேராக உட்காரட்டும். பள்ளிக்குப் போடும் அதே செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நீண்டு நேராக நிற்க வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் வேண்டிய உயரம். ஒரேயடியாக ஏற்றாமல் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டராக ஏற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஓட்டும்போது பின்னாலிருந்து பாருங்கள். இடுப்பு இடமும் வலமுமாக ஆடினால், அல்லது முட்டியின் பின்பக்கம் வலித்தால், உயரம் கூடிவிட்டது.

"இவ்வளவு உயர்த்தினால் எப்படி நிறுத்துவாள்?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும் சீட்டிலிருந்து முன்னே இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். மாணவியர் சைக்கிளில் நடுக்கம்பி தாழ்ந்திருப்பதால் இது எளிது. வண்டி வராத சமதரையில் ஒரு மாலை பழகினால் போதும். அது கைவரும்வரை சீட்டைச் சற்றுத் தாழ்வாகவே வைத்திருக்கலாம், தவறில்லை. பர்தாவின் ஓரமும் துப்பட்டாவும் செயினில் சிக்காதபடி கவனித்துக்கொள்ளுங்கள்.

சீட்டின் மேற்பரப்பு சமமாக இருக்கட்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மர்மப் பகுதி அழுந்தி மரத்துப்போகும். பிள்ளைகள் கூச்சத்தால் இதைச் சொல்லவும் மாட்டார்கள். மூக்கு அதிகம் சரிந்திருந்தாலோ உடல் முன்னே வழுக்கி, பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும்.

கியர் சைக்கிளில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பார்க்கும் இளைஞர்கள் டேப்பு வைத்தே அளக்கலாம். கவட்டிலிருந்து தரைவரை உள்ள அளவை 1.09-ஆல் பெருக்குங்கள். 74 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 80.5 வரும். கீழே நிற்கும் பெடலின் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த உயரம். இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் 1967-இல் சொன்ன கணக்கு இது. தொடங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கீழே நிற்கையில் முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கிறதா என்பதே முக்கியம். உயரம் சரியான பிறகும் முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட்டைச் சற்றுப் பின்னே தள்ளிப் பார்க்கலாம்.

சீட்டுக் கம்பியில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தக் கூடாது. கம்பி வளையும், முறியும். நட்டை இறுக்கியதும் சீட்டை இரு கைகளாலும் திருகிப் பாருங்கள். அசைந்தால் இன்னும் இறுக்க வேண்டும். வீட்டில் ஸ்பேனர் இல்லையென்றால் சைக்கிள் கடையில் சில நிமிட வேலை.

முட்டி வீங்கியிருந்தாலோ, ஓட்டாத நாளிலும் வலித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பதினைந்து, பதினாறு வயதில் பிள்ளைகள் மளமளவென்று வளர்கிறார்கள். ஜூனில் வைத்த உயரம் அரையாண்டுத் தேர்வுக்குள் பற்றாமல் போகலாம். அந்த விடுமுறையில் இன்னொருமுறை குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.