புளிப்பான ஜூஸ்ல பாக்டீரியா சாகாதா? ஈ.கோலை தப்பிப்பது எப்படி?

புளிப்பான பொருளில் கிருமி பிழைக்காதுன்னு பலரும் நினைக்கிறோம். 1996-ல் அமெரிக்காவில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது. சூடுபடுத்தாமல் பாட்டிலில் அடைத்து விற்ற ஆப்பிள் ஜூஸில் ஈ.கோலை ஓ157 பாக்டீரியா இருந்தது. 60-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஒரு குழந்தை உயிரிழந்தது.

ஆப்பிள் ஜூஸின் பிஹெச் அளவு 4-ஐ ஒட்டி இருக்கும். நம்ம வயிற்றில் அது 2 வரைக்கும்கூட இறங்கும். அங்கேயும் எப்படி தாக்குப்பிடிக்குது?

அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் செல்லுக்குள் புகுந்தால் புரதங்கள் சிதையும். அதனால் ஈ.கோலை, உணவில் கிடைக்கும் குளுட்டமேட்டை உள்ளே இழுத்து 'காபா' என்ற பொருளாக மாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு ஹைட்ரஜன் அயனி காலி. பிறகு காபாவை வெளியே தள்ளிவிட்டு, அதே வாசல் வழியாக அடுத்த குளுட்டமேட்டை எடுத்துக்கொள்கிறது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைச்சுக்கிட்டே இருப்பது மாதிரிதான்!

லேசான புளிப்பில் பழகிய பாக்டீரியா, அதைவிடக் கடுமையான அமிலத்தையும் தாங்கும் என்பதுதான் இதில் கவலையான விஷயம். நம் வெள்ளை அணுக்கள் உருவாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் விடுவதில்லை. கேட்டலேஸ் என்ற நொதியால் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சாகாது. ஆனால் சூட்டுக்கு முன்னால் இந்த வித்தை பலிக்காது. கிருமிநீக்கம் செய்யாத பாட்டில் ஜூஸில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என 1998-ல் அமெரிக்கா விதி கொண்டுவந்தது.