மார்புக் கட்டிகளும் நுண்குமிழ்ச் சோதனையும்

மார்பில் தோன்றும் கட்டிகள் யாவும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆயினும், கட்டி கையில் தட்டுப்பட்ட நாள் முதல் அது இன்னதென்று தெளிவாகும் வரை ஒரு பெண்ணும் அவளுடைய குடும்பத்தாரும் படும் கலக்கம் சொல்லுந் தரமன்று. வேறு சிலரோ, வலி இல்லாத கட்டியால் தீங்கு வாராது என்றெண்ணி மாதக்கணக்கில் வாளா இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டனுள் பின்னதே பெரிதும் அஞ்சத்தக்கது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. ஏறத்தாழ 98,000 பேர் அந்நோயால் மாண்டனர்.

செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியை உடலுள் செலுத்தி, அதன் எதிரொலியைக் கொண்டு உள்ளுறுப்புகளைப் படமாக்கும் முறையை இன்று அறியாதார் இல்லை. இம்முறையை மார்புக் கட்டிகளுக்குப் பயன்படுத்த முதன்முதலில் முயன்றோருள் ஜான் வைல்டு என்னும் வைத்தியரும் ஜான் ரீட் என்னும் எஞ்சினியரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள மினியாபொலிஸ் நகரில் அவர்கள் இவ்வாராய்ச்சியை நடத்தினர். நீர் நிறைந்த கட்டியையும் திண்ணிய கட்டியையும் வேறுபடுத்தி அறிவதில் இம்முறை மிகவும் வல்லது. ஆனால் திண்ணிய கட்டிகளுள் நல்லது எது, கொடியது எது என்று காண்பதில்தான் இடர்ப்பாடு எழுகிறது. கட்டியின் விளிம்பும் வடிவமும் ஓரளவு துப்புக் கொடுக்கும், உறுதி அளிக்கமாட்டா. ஐயத்திற்குரிய கட்டிகளை மருத்துவர்கள் நான்காம் வகுப்பில் சேர்க்கின்றனர். இவ்வகுப்பில் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கு மேல் 95 வரை பரந்து கிடக்கிறது என்றால், அந்த ஐயம் எத்தகையது என்பது விளங்கும். இவர்கள் எல்லோருக்கும் ஊசி குத்தித் திசுவை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

கட்டியின் உருவத்தை விடுத்து, அதற்கு உணவூட்டும் ரத்த ஓட்டத்தைக் கவனித்தால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல் வளர வேண்டுமானால் தனக்கெனப் புதிய ரத்தக் குழாய்களை வருவித்துக்கொண்டாக வேண்டும் என்னும் கருத்தை ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை வைத்தியர் 1971-இல் வெளியிட்டார். இக்குழாய்கள் ஒழுங்கற்றவை, கோணலாகக் கிளைத்துச் செல்பவை. பெரிய குழாய்களில் ஓடும் ரத்தத்தை டாப்ளர் முறையால் காணலாம். மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளில் மெல்ல ஊர்ந்து செல்லும் ரத்தமோ அதற்குப் புலப்படுவதில்லை.

இக்குறையைப் போக்க வந்தவை நுண்குமிழ்கள். 1968-இல் ரோச்செஸ்டர் நகரில் கிராமியாக், ஷா என்னும் இருவர், இதயத்தை எதிரொலியால் ஆராயும்பொழுது மருந்துநீரை உட்செலுத்தவே, எதிரொலிகள் மேகம்போல் திரண்டு தோன்றக் கண்டனர். நீரில் கலந்திருந்த சிறு காற்றுக் குமிழ்களே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இன்று வழங்கும் குமிழ்கள் திட்டமிட்டுச் செய்யப்படுபவை. ஸல்பர் ஹெக்ஸாபுளோரைடு போன்ற, நீரில் எளிதில் கரையாத வாயுவைக் கொழுப்பாலான மெல்லிய உறையுள் அடைத்து இவற்றை ஆக்குகின்றனர். இவற்றின் சராசரிக் குறுக்களவு ஏறத்தாழ 2½ மைக்ரான். சிவப்பு அணுவின் குறுக்களவோ 7 அல்லது 8 மைக்ரான். ஆதலால் சிவப்பு அணு செல்லும் வழியெல்லாம் குமிழும் தடையின்றிச் செல்லும்; ஆனால் குழாயை விட்டு வெளியேறாது. ஒலி தாக்குங்கால் குமிழ் சுருங்கி விரிகிறது. சுருக்கமும் விரிவும் ஒத்த அளவின அல்லவாகையால், அனுப்பிய ஒலியோடு அதன் இருமடங்கு அதிர்வெண் கொண்ட ஒலியும் திரும்பி வருகிறது. மெல்லிய ஒலிக்குத் திசுக்கள் பெரும்பாலும் அவ்வாறு விடையிறுப்பதில்லை. எனவே கருவி குமிழின் குரலைத் தனியே பிரித்தெடுத்துக்கொள்கிறது. ஒலி வலுத்தால் குமிழ்கள் உடைந்துபோகும். ஆகவே மிகக் குறைந்த அழுத்தத்திலேயே சோதனை நடைபெற வேண்டும்.

முழங்கை மடிப்பிலுள்ள சிரை வழியே சில மில்லிலிட்டர் குமிழ் மருந்தைச் செலுத்தி, பின்னால் உப்புநீரையும் செலுத்துகின்றனர். சில விநாடிகளில் கட்டி ஒளிரத் தொடங்கும். அதனை இரண்டு மூன்று நிமிடங்கள் தொடர்ந்து பதிவு செய்கின்றனர். புற்றுக்கட்டியாயின் அது சுற்றியுள்ள திசுவினும் முந்தியும் மிகுதியாகவும் ஒளிரும். ஒளி ஒருபடித்தாக இராது. இடையிடையே இருண்ட திட்டுகள் காணும். நண்டின் கால்கள்போல் குழாய்கள் விளிம்பினின்று புறப்பட்டுப் பரவும். சாதாரணப் படத்தில் கண்ட அளவைவிடக் கட்டி பெரிதாகத் தோன்றுவதும் உண்டு. அக்கம்பக்கத்துத் திசுவில் புற்று ஊடுருவியிருப்பதே இதற்குக் காரணமாகக் கொள்ளப்படுகிறது. தீங்கற்ற கட்டி சீராகவும் தெளிந்த விளிம்புடனும் ஒளிரும். அல்லது சூழவுள்ள திசுவினும் மங்கியிருக்கும். நீர்க்கட்டியின் உட்புறம் முற்றும் இருண்டே கிடக்கும்.

இவ்விலக்கணங்களை அப்படியே நம்பிவிடுதல் தகாது. இளம் பெண்களிடம் காணும் ஃபைப்ரோ அடினோமா என்னும் தீங்கற்ற கட்டியில் ரத்த ஓட்டம் மிக்கிருந்தால், அது நன்றாகவே ஒளிரும். மார்பு அழற்சியும் புற்றுநோயைப்போல வேடமிடக்கூடும். இதற்கு மாறாக, குழலுக்குள் அடங்கிய தொடக்க நிலைப் புற்றும், சளி நிறைந்த ஒருவகைப் புற்றும் ஒளி குன்றி ஏமாற்றுவதுண்டு. இவற்றுள் இப்பின்னைய தவறே உயிருக்கு உலை வைப்பது. கருவியிலும் ஒரு முரண்பாடு இருக்கிறது. மார்பு தோலுக்கு அடுத்தே இருப்பதால், நுணுக்கமான படம் பெற உயர்ந்த அதிர்வெண் தேவை. குமிழ்களோ அதற்குத் தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே நன்கு அதிர்கின்றன. அதனால்தான் கல்லீரல் சோதனையில் பெற்ற வெற்றியை இம்முறை மார்பில் அவ்வளவு எளிதில் பெறவில்லை. மருந்தின் அளவைக் கூட்டி இக்குறையை ஓரளவு ஈடு செய்கின்றனர்.

இச்சோதனையில் எக்ஸ்-ரே கதிர் இல்லை. வாயு மூச்சோடு வெளியேறிவிடுவதால் சிறுநீரகத்திற்கும் சுமை இல்லை. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. எனினும் அதற்குரிய மருந்துகள் அருகில் இருத்தல் வேண்டும். ஐரோப்பாவில் இத்தகைய மருந்தொன்றுக்கு 2001-இலும், ஜப்பானில் மார்புக் கட்டிகளுக்கென வேறொன்றுக்கு 2012-இலும் அனுமதி வழங்கப்பட்டது. ஆயினும் எந்நாட்டிலும் இது ஊசிச் சோதனையின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. நுண்ணோக்கியின் கீழ்த் திசுவைக் காண்பவரின் தீர்ப்பே முடிவானது. அந்த ஊசிக்கே இது துணை செய்கிறது என்பது கருதத்தக்கது. பெரிய கட்டியின் நடுப்பகுதி ரத்தமின்றி மடிந்திருந்தால், அங்கே எடுத்த திசுவிலிருந்து ஒன்றும் அறிய இயலாமற் போகும். குமிழ்கள் ஒளிரும் உயிருள்ள பகுதியைக் கண்டு அங்கே ஊசியைச் செலுத்தினால், மறுமுறை குத்த வேண்டிய அவசியம் பெரிதும் குறைகிறது.