பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள்

"வயித்தை வலிக்குதும்மா, இன்னிக்குப் போகலை." ஒன்பதாவது படிக்கும் பெண் அடிக்கடி இப்படிச் சொன்னால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். தூக்கத்தில் அலறினால் காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். அவள் சொல்லும் வலி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வாயால் சொல்ல முடியாத பயம் உடம்பில் வலியாக வரும். டவுன் பஸ்ஸில் உரசுகிறவன், டியூஷனில் தோளைத் தடவுகிறவர், உறவுமுறை சொல்லி வீட்டுக்குள் வந்துபோகிறவர், போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறவன்: இவர்களில் ஒருவர் அதற்குப் பின்னால் இருக்கக்கூடும்.

அவள் ஏன் வாய் திறப்பதில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் படிப்பை நிறுத்துவார்கள், அப்புறம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். தப்பு செய்தவன் அதே டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். பல கிராமத்துப் பெண்களுக்குத் தோழிகளும் டீச்சரும் இருக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். அதையும் பறித்தால், 'தப்பு என்மேலதான்' என்ற எண்ணம் அவளுக்குள் ஊறிவிடும்.

"ஏன் கத்தலை, ஏன் அப்பவே சொல்லலை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதிர்ச்சியில் உடம்பு விறைத்து, குரல் எழும்பாமல் போவது இயல்பு. அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை. "நீ சொன்னது நல்லதாப் போச்சு, உன்மேல தப்பில்ல" என்று அம்மா சொல்லும் ஒரு வார்த்தை பெரிய மருந்து. சாவைப் பற்றிப் பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிரம்பாத அனைவருக்கும் உரியது. தொட்டால்தான் குற்றம் என்பதில்லை. கெட்ட எண்ணத்தோடு ஆபாசமாகப் பேசுவது, சைகை காட்டுவது, விடாமல் பின்தொடர்வது, படத்தை வைத்து மிரட்டுவது எல்லாவற்றுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. கெட்ட எண்ணத்தோடு தொட்டால் குறைந்தது 3 ஆண்டு. அதைச் செய்தவர் ஆசிரியரோ நெருங்கிய உறவினரோ என்றால் குறைந்தது 5 ஆண்டு. தெரிந்தும் புகார் செய்யாமல் மூடி மறைக்கும் தலைமையாசிரியரும் தண்டிக்கப்படலாம்.

ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டுமே என்ற கூச்சம் வேண்டாம். வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கச் சட்டம் சொல்கிறது. கூடுமானவரை பெண் எஸ்.ஐ.தான் வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். பெற்றோர் கூட இருக்கலாம். இரவில் அவளை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. அவள் பெயரோ, ஊரோ, பள்ளியோ பத்திரிகையில் வரக் கூடாது. நீதிமன்றம் இடைக்கால இழப்பீடும் வழங்கலாம். முதல் அழைப்புக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098 போதும். பள்ளிக்கூடத்தில் நடந்ததென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417-இலும் சொல்லலாம்.

புகார் கொடுத்த கையோடு ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். "பொண்ணு பேரு கெட்டுரும், பேசி முடிச்சிடலாம்" என்பார்கள். ராஜஸ்தானில் மாணவியிடம் அத்துமீறியதாக ஓர் ஆசிரியர்மீது பதிவான வழக்கை, இரு தரப்பும் சமரசமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் வழக்கை மறுபடி நடத்தச் சொன்னது. பேசி முடிக்க வருகிறவர்களிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். புகார் கொடுத்த மறுநாள் காலையில் அவளை வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். அவளுக்குத் துணை வேண்டுமென்றால் நீங்களும் கூடப் போங்கள்.